கிராஃப் ஷீட் மாமாவும் ஆன்லைன் சார்ட்டும்

டிஸ்கி: நான் செபியில பதிவு செஞ்ச ஆலோசகர் எல்லாம் கிடையாது. பகல்ல ஜாவா, ராத்திரி சார்ட்னு காலம் தள்ளுற சாதாரண பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு எதையாவது வாங்கி, எதையாவது வித்து கையைச் சுட்டுக்கிட்டா கம்பெனி பொறுப்பாகாது. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ பக்கத்துல வெச்சுக்கோங்க.

"எந்த சார்ட் சைட் நல்லாருக்கும்? காசு கட்டி வாங்கலாமா, ஓசியில கிடைக்கறதே போதுமா?"

இந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒரு இருபது பேராவது என்கிட்ட கேட்டிருப்பாங்க. ஆபீஸ் கேன்டீன்ல, சொந்தக்காரங்க கல்யாணப் பந்தியில, ஒரு தடவை பல் டாக்டர் வாயில மிஷினை வெச்சுக்கிட்டே கேட்டார் (பதில் சொல்ல முடியலை, நல்லவேளை). கேட்டவங்களுக்கு எல்லாம் இண்டிகேட்டர், டைம்ஃப்ரேம், அலர்ட்னு பத்து நிமிஷம் லெக்சர் குடுத்து அனுப்பியிருக்கேன். 2023-ல எங்க மாமா கேட்டப்பவும் அதே லெக்சர்தான். அது தப்பான பதில்னு புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

மாமான்னா அத்தை வீட்டுக்காரர். ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல கணக்கு எழுதினவர். 1994-ல இருந்து 98 வரைக்கும் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்துச்சு. காலையில பேப்பர் வந்ததும் முந்தின நாள் முடிவு விலையைப் பார்த்து, மில்லிமீட்டர் கிராஃப் ஷீட்டுல பென்சிலால ஒரு புள்ளி வைப்பார். அப்புறம் ஸ்கேல் வெச்சு நேத்தைய புள்ளியில இருந்து ஒரு கோடு. அவ்வளவுதான், மடிச்சு வெச்சுட்டு மில்லுக்குப் போயிடுவார். ஸ்டேட் பேங்குக்கு ஒரு ஷீட், டிஸ்கோவுக்கு ஒரு ஷீட். ஷீட் தீர்ந்துட்டா கோந்து தடவி அடுத்ததை ஒட்டிக்கிட்டே போவார். நான் நாலாங்கிளாஸ் படிக்கறப்போ பரண்ல இருந்து எடுத்து ஹால்ல விரிச்சுக் காட்டினார். சோபாவுல இருந்து வாசப்படி வரைக்கும் நீண்டுச்சு. எனக்கு ஏதோ ஈசிஜி மாதிரி தெரிஞ்சுது.

அந்த நாலு வருஷத்துல அவர் வாங்கினது, வித்தது எல்லாம் சேர்த்தே பன்னெண்டு தடவை இருக்கும்னு சொல்வார். மதுரையில இருந்த புரோக்கருக்கு போன் போடணும், சர்டிபிகேட்டையும் டிரான்ஸ்ஃபர் ஃபாரத்தையும் தபால்ல அனுப்பணும், கையெழுத்து சரியில்லைன்னு திரும்பி வந்தா மறுபடி அனுப்பணும். ஒரு பங்கை விக்கறதுக்குள்ள விக்கற ஆசையே போயிடும்.

2023-ல மாமா ரிட்டயர் ஆனார். பி.எஃப், கிராஜுவிட்டி வந்துச்சு. பெரும்பகுதியை போஸ்ட் ஆபீஸ்ல போட்டுட்டு கொஞ்சத்தைக் கையில வெச்சிருந்தார். தீபாவளிக்குப் போனப்போ கூப்பிட்டார்.

"மாப்ள, இப்பல்லாம் சார்ட்டு தானா வரையுதாமே. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

போட்டுக் குடுத்தேன். ஆதார், பான், செல்ஃபி எல்லாம் எடுத்து டீமேட் கணக்கு விண்ணப்பத்தை முடிச்சேன், போன்ல புரோக்கர் ஆப்பை இறக்கினேன். உள்ளேயே இருக்கற சார்ட்டைத் திறந்து ஸ்டேட் பேங்குன்னு அடிச்சேன். ரெண்டு செகண்ட்ல இருபது வருஷத்துக்கு மேல வந்து நின்னுச்சு. மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு மறுபடி பார்த்தார். "நாலு வருஷம் வரைஞ்சேன்டா இதை"ன்னார். எனக்கு ஏதோ நானே அந்த சார்ட்டைக் கண்டுபிடிச்ச மாதிரி ஒரு பெருமை.

சரி, மாமா அங்கேயே பார்த்துக்கிட்டு இருக்கட்டும். முதல்ல இந்த விஷயத்தோட நல்ல பக்கத்தைச் சொல்லிடறேன். ஏன்னா நான் இதுக்கு எதிரி கிடையாது. இன்னிக்கும் தினம் ராத்திரி அரை மணி நேரம் பார்க்கறவன்தான்.

ஒரு காலத்துல சார்ட் பார்க்கணும்னா ஆமிபுரோக்கர் மாதிரி ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டர்ல போட்டு, டேட்டா விக்கறவங்ககிட்ட தனியா சந்தா கட்டி, ரெண்டையும் இணைக்கறதுக்குள்ள ஒரு வாரம் போயிடும். 2011-ல ஆரம்பிச்ச டிரேடிங்வியூ அதையெல்லாம் பிரவுசருக்குள்ள கொண்டு வந்துச்சு. அதோட சார்ட் லைப்ரரியை மத்தவங்களும் தங்களோட தளத்துல பொருத்திக்கலாம். அதனாலதான் பல புரோக்கர் ஆப்கள்ல பார்க்கற சார்ட் ஒண்ணு போலவே இருக்கும். ஜெரோதா கைட்ல சார்ட்ஐக்யூ, டிரேடிங்வியூ ரெண்டும் வெச்சு எது வேணுமோ எடுத்துக்கோன்னு விட்டாங்க. இதெல்லாம் ஓசி. பென்சிலும் கோந்தும் வெச்சிருந்த தலைமுறைக்கு இது மாயாஜாலம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன பட்டன். லாக் ஸ்கேல். பல பேர் அதை அமுக்கினதே கிடையாது. நிஃப்டி சார்ட்டை சாதாரண ஸ்கேல்ல வெச்சுப் பாருங்க. 2008 ஜனவரியில 6,357 வரைக்கும் போயிட்டு அக்டோபர்ல 2,252 வரைக்கும் இறங்கினது, இன்னிக்கு இருக்கற உயரத்துல இருந்து பார்த்தா ஏதோ ரோட்டுல சின்ன பள்ளம் மாதிரி தெரியும். 2020-ல 12,430-ல இருந்து 7,511-க்கு வந்தது அதை விடப் பெரிய கிணறா தெரியும். புள்ளிக் கணக்குல அது சரிதான், முதல்ல சுமார் 4,100 புள்ளி, ரெண்டாவதுல சுமார் 4,900. ஆனா சதவீதத்துல? 2008-ல விழுந்தது கிட்டத்தட்ட 65, 2020-ல 40. நூறு ரூபா வெச்சிருந்தவனுக்கு 35 ரூபா மிஞ்சினது பள்ளமா தெரியுது, 60 ரூபா மிஞ்சினது கிணறா தெரியுது. லாக் பட்டனை அமுக்கினா ரெண்டும் அதனதன் அளவுக்கு வந்துடும். கிராஃப் ஷீட்டுல இதைச் செய்ய தனியா செமி-லாக் ஷீட் வாங்கணும். ராஜபாளையத்துல எங்க போறது?

இன்னொண்ணு போனஸ், ஸ்பிளிட் கணக்கு. 2024 அக்டோபர் கடைசியில ரிலையன்ஸ் ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் குடுத்தாங்க. 2,650 சுமாருக்கு முடிஞ்ச பங்கு அடுத்த வர்த்தக நாள்ல 1,330 பக்கம் நின்னுச்சு. விவரம் தெரியாம மொபைலைப் பார்த்தவனுக்கு மாரடைப்பே வந்திருக்கும். சார்ட் தளங்கள் பழைய விலை எல்லாத்தையும் பாதியாக்கி ஒரே ஓட்டமா காட்டிடும். மாமா காலத்துல போனஸ் வந்தா, பழைய புள்ளி எல்லாத்தையும் ரெண்டால வகுத்து முதல்ல இருந்து வரையணும். அதுக்காகவே போனஸ் குடுக்கற கம்பெனிகள் மேல அவருக்கு ஒரு கடுப்பு உண்டு.

இப்போ குறைக்கு வர்றேன். பொட்டி தட்டுற நண்பர்கள் இந்தப் பகுதியைக் கவனமா படிங்க. நாமதான் இதுல அதிகமா ஏமாறுற ஜாதி.

சார்ட்ல தெரியறது நடந்தது அப்படியேன்னு நினைச்சுக்கறோம். கிடையாது. அது நடந்ததுல இருந்து எடுத்த மாதிரிகள். சில்லறை வர்த்தகருக்கு புரோக்கர் வழியா வர்ற டேட்டாவுல ஒவ்வொரு டிரேடும் வராது. ஒரு செகண்டுக்குள்ள நூறு டிரேட் நடந்தா அதுல சில விலைகள் மட்டும் நம்ம கண்ணுக்கு வரும். எந்தச் சில விலைங்கறது தளத்துக்குத் தளம் மாறும். அதனால ஒரே பங்குக்கு, ஒரே நிமிஷத்துக்கு, ரெண்டு தளத்துல ரெண்டு உச்சம் காட்டும். "என் சார்ட்ல அந்த விலையே வரலை, ஆனா ஸ்டாப் லாஸ் அடிச்சிடுச்சு, புரோக்கர் திருட்டுப்பய"ன்னு திட்டற பாதி பேருக்கு நடந்தது இதுதான். எக்ஸ்சேஞ்ச்ல அந்த விலை வந்திருக்கும், அவர் சார்ட்டுக்கு வந்திருக்காது.

முடிவு விலையிலயும் ஒரு கூத்து. 2023-ல நான் இதைத் துருவினப்போ, என்.எஸ்.இ.யில ஒரு பங்கோட முடிவு விலைங்கறது கடைசியா நடந்த டிரேடோட விலை இல்லை. மூணு மணியில இருந்து மூணரை வரைக்கும் நடந்த வர்த்தகத்தோட சராசரி, எடை போட்ட சராசரி. ஆனா 5 நிமிஷ சார்ட்டோட கடைசி கேண்டில் 3.30-க்கு நடந்த விலையில முடிஞ்சிருக்கும். அப்போ தினசரி சார்ட்டும் 5 நிமிஷ சார்ட்டும் ஒரே நாளுக்கு வேற வேற முடிவு விலை காட்டும். சில தளங்கள் சாயங்காலம் ஒண்ணு காட்டி, ராத்திரி அதிகாரபூர்வ ஃபைல் வந்ததும் சத்தமில்லாம மாத்திடும். முடிவு விலை ஒரு ரூபா மேல இருந்தா பிரேக் அவுட், கீழ இருந்தா இல்லைன்னு கோடு போட்டுக் காத்திருக்கறவன் கதி? அதே கோடு, அதே பங்கு, ஆறு மணிக்கு ஒரு சேதி சொல்லும், ஒன்பது மணிக்கு இன்னொண்ணு சொல்லும்.

ஆர்.எஸ்.ஐ.யும் அப்படித்தான். 1978-ல வெல்லஸ் வைல்டர் புத்தகத்துல போட்டு வெளிவந்த கணக்கு அது. (மனுஷன் மெக்கானிக்கல் எஞ்சினியர், நம்ம ஆளு.) அதுல ஒவ்வொரு நாள் மதிப்பும் முந்தின நாள் மதிப்பை வெச்சு ஓடும். அதனால கணக்கு எந்தத் தேதியில ஆரம்பிச்சுதுங்கறதைப் பொறுத்து இன்னிக்கு மதிப்பு கொஞ்சம் மாறும். ஒரு தளம் கொஞ்ச கேண்டிலை மட்டும் வெச்சு கணக்குப் போடும், இன்னொண்ணு நிறைய வெச்சுப் போடும். இங்க 69.6, அங்க 70.2. எழுபதைத் தாண்டினா விக்கணும்னு புத்தகத்துல படிச்சுட்டு வந்தவர் யார் பேச்சைக் கேட்பார்?

இதையெல்லாம் சொல்றப்போ ஏதோ பெரிய ஞானி மாதிரி தெரியும். கத்துக்கிட்ட விதத்தைக் கேட்டா சிரிப்பீங்க.

2022. வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். லாக்டவுன்ல டீமேட் திறந்த கோடிக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். பைன் ஸ்கிரிப்ட்னு டிரேடிங்வியூவுக்குன்னே ஒரு மொழி இருக்கு. பத்து வரியில ஒரு உத்தியை எழுதி, பட்டனைத் தட்டினா பழைய சார்ட் மேல ஓட்டிப் பார்த்து, எத்தனை ஜெயம், எத்தனை தோல்வின்னு சொல்லிடும். நமக்குத்தான் கோடுன்னா தண்ணி பட்ட பாடாச்சே. 5 நிமிஷ சார்ட்ல ஓடுற ஒரு உத்தி எழுதினேன், அதுக்குள்ள தினசரி ஆர்.எஸ்.ஐ.யை இழுத்து வெச்சு ஒரு வடிகட்டி. ஓட்டினேன். நூத்துக்கு 81 ஜெயம். லாப வரைபடம் பழனி படிக்கட்டு மாதிரி ஏறிட்டே போகுது. அன்னிக்கு ராத்திரி தூங்கலை மக்களே. வேலையை விடறப்போ மேனேஜர்கிட்ட என்ன சொல்லணும்னு வசனம் எல்லாம் யோசிச்சேன்.

பேங்க் நிஃப்டி ஃபியூச்சர்ல ஆறு வாரம் அதை வெச்சு ஆடினேன். போனது 62,000 ரூபாய்.

ஏன்னு தோண்டினப்போ அசிங்கமா போச்சு. தினசரி மதிப்பை இழுக்கற வரியில லுக்அஹெட்னு ஒரு அமைப்பை ஆன் பண்ணி வெச்சிருந்தேன். எங்கேயோ இருந்து காப்பி அடிச்ச வரி. அதை ஆன் பண்ணினா, பழைய சார்ட்ல ஓட்டறப்போ காலையில 9.20 கேண்டிலுக்கே அன்னிக்கு சாயங்காலம் 3.30-க்கு முடியப் போற மதிப்பு கிடைச்சிடும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி வினாத்தாள் கையில இருந்தா எவன்தான் 81 வாங்க மாட்டான்? நிஜ மார்க்கெட்ல 9.20-க்கு 3.30 இன்னும் பொறக்கவே இல்லை. அதனால ஸ்கிரிப்ட் அப்போ இருக்கற அரைகுறை மதிப்பை எடுத்துக்கிட்டு ஆடியிருக்கு. இதைப் பத்தி பைன் ஸ்கிரிப்ட் மேனுவல்லயே ரீபெயின்டிங்னு தனி அத்தியாயம் போட்டு எச்சரிச்சிருக்காங்க. தளத்தைக் குத்தம் சொல்ல வழியே இல்லை. மேனுவல் படிக்காத எஞ்சினியரோட குத்தம்.

ஆனா ஒண்ணு. ஆபீஸ்ல என் கோடை ரெண்டு பேர் ரிவியூ பண்ணாம மெர்ஜ் பண்ண முடியாது. டெஸ்ட் ஓடணும், க்யூ.ஏ. பார்க்கணும். என் சொந்தக் காசுல ஓடுற கோடுக்கு ரிவியூ கிடையாது, டெஸ்ட் கிடையாது, ஒரு அழகான பச்சைப் படிக்கட்டுப் படம் மட்டும்தான். அந்தப் படம் அவ்வளவு சுத்தமா, அவ்வளவு தொழில்முறையா இருந்ததுதான் என்னைக் கவுத்துச்சு. இதையே மாமா மாதிரி நோட்டுல பென்சிலால ஒவ்வொரு நாளா கணக்குப் போட்டிருந்தா, ரெண்டாம் நாளே "இன்னிக்கு முடிவு விலை இன்னும் வரலையே, எப்படி வாங்கினோம்?"னு கை நின்னிருக்கும். ஹெய்கின் ஆஷி கேண்டில் மேல பேக்டெஸ்ட் ஓட்டறவங்களுக்கும் இதே கதைதான். அந்த கேண்டில்ல தெரியற விலை சராசரி போட்டு உண்டாக்கினது, அந்த விலைக்கு மார்க்கெட்ல யாரும் உங்களுக்கு வித்திருக்க மாட்டாங்க.

இந்த 62,000 கதையை நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. கௌரவம். 2023 தீபாவளிக்கு மாமாவுக்கு ஆப் போட்டுக் குடுத்தப்பவும் சொல்லலை. சொல்லியிருந்தா "ஏன் மாப்ள, உனக்கே போயிடுச்சா?"ன்னு ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். அவருக்குத் தெரிஞ்சது, கம்ப்யூட்டர் படிச்ச பையன் போட்டுக் குடுத்திருக்கான், சரியாத்தான் இருக்கும்ங்கறது மட்டும்தான்.

முதல் ரெண்டு மாசம் மாமா தினசரி சார்ட்தான் பார்த்தார். அப்புறம் ஆப்ல பக்கத்துலயே ஒரு மணி, பதினஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு வரிசையா இருக்கறதைக் கண்டுபிடிச்சுட்டார். அப்போ சந்தை ஓடினது காலையில 9.15-ல இருந்து சாயங்காலம் 3.30 வரைக்கும், 375 நிமிஷம். ஒரு நிமிஷ சார்ட்ல ஒரு நாளைக்கு 375 கேண்டில். மாமா நாலு வருஷமா வெச்ச புள்ளி ஒரு பங்குக்கு ஆயிரத்துக்குள்ளதான் இருக்கும். அதாவது அவர் நாலு வருஷத்துல பார்த்த அசைவை விட அதிகமான அசைவை மூணே நாள்ல அந்த போன் அவருக்குக் காட்டியிருக்கு. ஒவ்வொண்ணும் சிவப்பு, பச்சைன்னு ஏதோ சொல்ற மாதிரியே இருக்கும். பேசாம இருந்த கிராஃப் ஷீட்டுக்குப் பழகின மனுஷன்.

அதுக்கு மேல அந்த பட்டன். சார்ட்டுக்குக் கீழேயே நீலத்துல ஒண்ணு, சிவப்புல ஒண்ணு. வாங்கு, வில். என்னைக் கேட்டா ஆன்லைன் சார்ட்டோட எல்லாக் குறையிலயும் பெரிசு இதுதான். டேட்டா கொஞ்சம் முன்னபின்ன இருக்கறதெல்லாம் ரெண்டாம்பட்சம். பார்க்கறதுக்கும் செய்யறதுக்கும் நடுவுல முன்னாடி மதுரைக்கு ஒரு தபால் தூரம் இருந்துச்சு. இப்போ ஒரு கட்டைவிரல் அகலம்.

2024 ஜூன் 1 சனிக்கிழமை எக்ஸிட் போல் வந்துச்சு. திங்கக்கிழமை, ஜூன் 3, நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263-ல முடிஞ்சுது. சார்ட்ல பார்த்தா அதுவரைக்கும் இருந்த உச்சத்தை எல்லாம் உடைச்சுக்கிட்டு ஒரு பிரம்மாண்டமான பச்சை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதுக்குப் பேர் பிரேக் அவுட். மாமா அன்னிக்கு மத்தியானம் 1,60,000 ரூபாய்க்கு நிஃப்டி கால் ஆப்ஷன் வாங்கினார். அடுத்த நாள் தேர்தல் முடிவு. நிஃப்டி ஒரே நாள்ல 1,379 புள்ளி, கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்துச்சு. சாயங்காலம் அவர் கணக்குல அந்த ஆப்ஷனோட மதிப்பு ஏழாயிரத்துச் சொச்சம்.

அத்தைதான் போன் பண்ணினாங்க. அழுகை எல்லாம் இல்லை. "ஏன்டா, நீதான போட்டுக் குடுத்த?" அவ்வளவுதான் கேட்டாங்க.

அந்த வார இறுதியில ராஜபாளையம் போய் உக்காந்து அவரோட கணக்கு அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். பிப்ரவரியில இருந்து ஜூன் வரைக்கும் 412 ஆர்டர். நாலு வருஷத்துல பன்னெண்டு தடவை வாங்கி வித்தவர். மொத்தமா போனது மூணு லட்சத்து நாப்பதாயிரம், அதுல புரோக்கரேஜும் வரியும் மட்டுமே நாப்பதாயிரத்துக்கு மேல. மாமா எதுவும் பேசலை. ஒரு கட்டத்துல "கோடு சரியாத்தான் போட்டிருந்தேன் மாப்ள"ன்னார். பார்த்தேன். சரியாத்தான் போட்டிருந்தார். நான் போட்டிருந்தாலும் அங்கதான் போட்டிருப்பேன். அடுத்த நாள் ஓட்டு எண்ணிக்கைங்கறது சார்ட்ல எங்கேயும் எழுதியிருக்காது.

அந்த வருஷம் செப்டம்பர்ல செபி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2021-22-ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டுல, ஃபியூச்சர் ஆப்ஷன்ல ஆடின ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவையும் சேர்த்து தலைக்கு சராசரியா சுமார் ரெண்டு லட்சம். தொடர்ந்து ரெண்டு வருஷம் நஷ்டப்பட்டவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல திரும்பவும் வந்து ஆடியிருக்காங்க. 2025 ஜூலையில வந்த அடுத்த ஆய்வுல 2024-25-க்கு 91 சதவீதம், மொத்த நஷ்டம் 1,05,603 கோடி. இந்த ஒரு கோடி பேர்ல சார்ட் பார்க்காம ஆடினவங்க எத்தனை பேர் இருப்பாங்க? கையில இத்தனை தரமான கருவி எந்தத் தலைமுறைக்கும் இருந்ததில்லை. தோக்கறது குறைஞ்ச மாதிரி தெரியலை.

சார்ட்தான் நஷ்டத்துக்குக் காரணம்னு சொல்ல வரலை. டீம்ல ஒரு நண்பன் இருக்கான், மூணு மானிட்டர், காசு கட்டின பிளான், நாலு வருஷமா வருமான வரியில லாபம் காட்டறான். அவன் என் வாதத்தைக் கேட்டுட்டு, "கத்தி வெட்டுதுன்னு மொக்கைக் கத்தி வாங்குவியா?"ன்னு கேட்டான். நியாயம்தான். அவனுக்கு சார்ட்ல இருந்தே ஆர்டர் போடறது தேவை, செகண்டு கணக்குல வேலை. அவன் ஒரு நாளைக்கு எவ்வளவு தோக்கலாம்னு எழுதி ஒட்டி வெச்சிருக்கான், அந்த எண் வந்ததும் மடிக்கணினியை மூடிட்டு டீ குடிக்கப் போயிடுவான். நாலு வருஷத்துல நான் பார்த்த ஒரே ஆள் அவன்தான். மத்தவங்க எல்லாம் மாமா ரகம், இல்லைன்னா என் ரகம்.

அதனால இப்போ யாராவது எந்த சைட் நல்லாருக்கும்னு கேட்டா, முதல்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பீங்கன்னு கேக்கறேன். தினசரி, வாராந்திர சார்ட்தான்னா ஓசி பிளானே தாராளம். விளம்பரம் வரும், இண்டிகேட்டர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். அந்த வரம்பு நல்லதுன்னே சொல்வேன். ஆர்.எஸ்.ஐ., எம்.ஏ.சி.டி., ஸ்டொகாஸ்டிக்னு அடுக்கினாலும் எல்லாமே அதே விலையில இருந்து பிழிஞ்சு எடுத்ததுதான், ஒரே சாட்சியை மூணு பேரா காட்டற மாதிரி. பங்குகளை வடிகட்டணும்னா சார்ட்இங்க் மாதிரி ஸ்கேனர் இருக்கு. நம்ம மாதிரி கோடு எழுதி பேக்டெஸ்ட் பார்க்கற ஆளுக்கு ஆமிபுரோக்கரோ பைத்தானோ, டேட்டா நம்ம டிஸ்க்ல இருக்கற மாதிரி ஒண்ணு தேவலாம். ஆன்லைன்ல அவங்க டேட்டாவை எப்போ திருத்துவாங்கன்னு நமக்குத் தெரியாது, போன மாசம் வந்த விடை இந்த மாசம் வராது. சார்ட் பார்க்கற இடமும் ஆர்டர் போடற இடமும் வேற வேறயா இருக்கட்டும்ங்கறதுல மட்டும் நான் பிடிவாதம். முடிஞ்சா வேற வேற கருவியில. போன்ல சார்ட் வேணாம். இதைச் சொன்னா பாதிப் பேர் என்னைக் கற்காலத்து ஆள்னு பார்க்கறாங்க. பரவால்ல.

மாமாவுக்கும் அப்படித்தான் செஞ்சிருக்கேன். அவர் சம்மதத்தோடதான், போன்ல இருந்த புரோக்கர் ஆப்பை எடுத்தாச்சு. ஆப்ஷன் பிரிவை முடக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாச்சு. என் பழைய லேப்டாப்புல டிரேடிங்வியூ ஓசிக் கணக்கு ஒண்ணு. ஸ்டேட் பேங்க், டாடா ஸ்டீல் (அவருக்கு இன்னும் டிஸ்கோதான்), நிஃப்டி. சனிக்கிழமை சனிக்கிழமை பார்க்கறார். லாக் பட்டனைக் காட்டிக் குடுத்தேன், 2008-ஐப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

ஒரு வேலை மட்டும் அவருக்குச் சொல்லாம செஞ்சேன். மேலே டூல்பார்ல டைம்ஃப்ரேம் வரிசையில நட்சத்திரம் போட்டது மட்டும்தான் தெரியும். நாள், வாரம், மாசம் மூணுக்கும் மட்டும் நட்சத்திரத்தை விட்டுட்டு மத்ததை எல்லாம் எடுத்துட்டேன். தேடினா கிடைக்கும், கண்ணுல படாது.

போன சனிக்கிழமை போன் வந்துச்சு.

"மாப்ள, அந்த பதினஞ்சு நிமிஷம் இருந்துச்சே, அது எங்க காணோம்?"

"அப்டேட்ல எடுத்துட்டாங்க போல மாமா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நாப்பது வருஷம் கணக்கு எழுதின ஆளு. "சரி, சரி"ன்னு சொல்லிட்டு அத்தைகிட்ட போனைக் குடுத்துட்டார்.